இரண்டு பாசியும் பிழைக்க எந்தச் சத்து குறைய வேண்டும்?

கோலாலம்பூர் தித்திவங்சா ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாலே போதும், பல வகை நுண்பாசிகள் கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் வேண்டியவை வெளிச்சம், கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற அதே சில பொருள்கள்தான். அப்படியானால் வலுத்த பாசி ஒன்று மற்றதையெல்லாம் என்றைக்கோ ஒழித்துக்கட்டியிருக்க வேண்டாமா? ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் 1961-இல் எழுப்பிய கேள்வி இது.

எனக்குப் பிடித்த பதில் டேவிட் டில்மன் 1976-இல் வெளியிட்ட சோதனையில் இருக்கிறது. அவர் அஸ்டீரியோனெல்லா, சைக்ளோடெல்லா என்ற இரண்டு டயட்டம் வகை நுண்பாசிகளைச் சேர்த்து வளர்த்தார். டயட்டம்களின் ஓடு சிலிக்காவால் ஆனது. அஸ்டீரியோனெல்லா மிகக் குறைந்த பாஸ்பேட்டிலும் (பாஸ்பரஸ் தரும் சத்து) வளரும். ஆனால் அதற்குச் சிலிக்கா கூடுதலாக வேண்டும். சைக்ளோடெல்லா இதற்கு நேர்மாறு. பாஸ்பேட் பற்றாக்குறையானபோது முன்னது ஜெயித்தது, சிலிக்கா பற்றாக்குறையானபோது பின்னது. இடைப்பட்ட விகிதத்தில் ஒன்றுக்குப் பாஸ்பேட் போதவில்லை, மற்றதற்குச் சிலிக்கா போதவில்லை. அங்கே இரண்டும் பிழைத்தன!

சரி, எல்லாச் சத்தையும் அள்ளிக் கொட்டினால்? அப்போது வெளிச்சம்தான் பற்றாக்குறையாகிவிடும். குளோரெல்லா போல வேகமாகப் பெருகும் பாசி தண்ணீரை அடர்பச்சையாக்கி, மற்றவற்றை நிழலில் தள்ளிவிடும்.

நைட்ரஜன் மட்டும் குறைந்தால் கதையே வேறு. அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி மணிச்சரம் போல இருக்கும். அந்தச் சரத்தில் ஆங்காங்கே தடித்த சுவருள்ள, வெளிறிய செல் ஒன்று தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக்குவது அதுதான். அதில் கொஞ்சம் வெளியே கசிந்தால் பக்கத்துப் பாசிக்கும் கிடைக்கும். தண்ணீரில் நைட்ரஜன் சத்தான அமோனியத்தைத் தாராளமாகச் சேர்த்துவிட்டால் அனபீனா அந்தச் செல்லை உருவாக்குவதையே நிறுத்திவிடும்.

நம் நாட்டில் இதைச் செம்பனை ஆலைக் கழிவுநீரில் பாசி வளர்ப்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கழிவுநீரில் சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழுப்பு நிறம் வெளிச்சத்தை மறைக்கும், மிகுந்த அமோனியா சில பாசிகளுக்கு நஞ்சு. அதனால் நீர் கலந்துதான் பாசி வளர்க்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றுவதைவிட, தினமும் கொஞ்சம் பாசிநீரை வடித்துவிட்டு அதே அளவு கழிவுநீர்க் கலவையை விடுவது மேல் என்பேன். வடிக்கும் அளவிலும் கவனம் தேவை: வளரும் வேகத்தைவிட வடிக்கும் வேகம் கூடினால், மெதுவாக வளரும் பாசி, சத்து இருந்தும் தண்ணீரோடு போய்விடும்.