ஹைப்போ வேறு, ஹைப்பர் வேறு: அக்கா மாத்திரை தங்கைக்கு ஆகாது

"எங்க அக்கா போடுற அதே தைராய்டு மாத்திரையே குடுங்க." தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. கேட்கிறவர் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் ஹைப்பர் என்றிருக்கும். அக்காவுக்கு இருப்பதோ ஹைப்போ. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நேர் எதிராக வேலை செய்யும். இதை எத்தனை முறை சொன்னாலும் "ரெண்டும் தைராய்டுதானுங்களே" என்பதே பதிலாக வருகிறது.

இரண்டும் ஒன்றல்ல. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் இவை. ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர் என்றால் மேலே, மிகுதி. ஆங்கிலத்தில் எழுதினால் முன்பாதி ஒரே மாதிரி இருக்கும், கடைசி எழுத்துகள்தான் மாறும். அவசரக் கையெழுத்தில் அதுவும் ஒரு கோடாக இழுபட்டுவிடும்.

ஹைப்போவில் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி போதிய அளவு ஹார்மோன் சுரக்காது. உடம்பு கனக்கும், எடை ஏறும், குளிர் தாங்காது, மலம் இறுகும், முடி கொட்டும். குறைகிற ஹார்மோனை ஈடுகட்ட லெவோதைராக்ஸின் கொடுப்பார்கள். ஹைப்பரில் அளவுக்கு மீறிச் சுரக்கும். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பார்கள், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அதை அடக்க கார்பிமசோல் போன்ற மாத்திரை. ஹைப்பர்காரர் அக்காவின் லெவோதைராக்ஸினைப் போட்டால் ஏற்கெனவே ஓடுகிற இதயம் இன்னும் ஓடும். வயதானவர்களுக்கு இதயத்துடிப்பே தாறுமாறாகலாம்.

இப்போது எல்லாக் குழப்பத்துக்கும் வேரான விஷயம். ரத்தப் பரிசோதனைத் தாளில் டிஎஸ்எச் 18 என்று அச்சாகி, பக்கத்தில் 'எச்' என்று தடித்த எழுத்து நிற்கும். உடனே, "தைராய்டு அதிகமாயிருச்சு, எச்னா ஹைப்பர்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கவனியுங்கள். அந்த 'எச்' டிஎஸ்எச் என்ற எண் கூடியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது.

கட்டட வேலையில் மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் மந்தமானால் அவர் குரல் உயரும், வேலை தானாக ஓடினால் அடங்கிவிடும். மேஸ்திரி கத்துவதைக் கேட்டு வேலை ஜோராக நடக்கிறது என்று யாராவது சொல்வார்களா? டிஎஸ்எச் அந்தக் குரல். பெரும்பாலான ஆய்வகங்களில் 0.4 முதல் 4 வரை இயல்பு. அது 18 என்றால் சுரப்பி மந்தம், ஹைப்போ. 0.01 என்று கீழே போய், தைராய்டே சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 கூடியிருந்தால் ஹைப்பர். எண் ஏறினால் ஹைப்போ, இறங்கினால் ஹைப்பர். பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ள அரிதான சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதனால்தான் டி4-ஐயும் சேர்த்துப் பார்ப்பது.

லெவோதைராக்ஸின் போடுகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். நம் பக்கம் விடிந்ததும் கேழ்வரகுக் கூழோடு மாத்திரையையும் விழுங்குவார்கள். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, நார்ச்சத்தும் உண்டு. இரண்டும் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கூழை விட வேண்டாம், பிறகு குடியுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபரிசோதனை. பத்தே நாளில் போய்ப் பார்த்துப் பணத்தை வீணாக்காதீர்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்களே, அதைச் செய்யாதீர்கள். அப்போதுதான் பலருக்கு அளவு கூடுதலாகவே தேவைப்படும். உடனே டாக்டரிடம் போங்கள்.

கார்பிமசோல் போடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளணு (நோயை எதிர்க்கும் அணு) எண்ணிக்கை பார்க்க வேண்டும். சளிக் காய்ச்சல்தானே என்று கசாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள்.

சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம், "குறைவா, அதிகமாங்க?" என்று கேட்டு அதன் மேல் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயிலும் இதே இரண்டு சொற்கள் வரும். அங்கே ஹைப்போ என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே. மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு வருவது இதுதான்: நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல். இதை ஹைப்பர் என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். சோதிக்கக் கருவி இல்லையா, குறைவு என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள். போனில் "சர்க்கரை குறைஞ்சிருச்சு" என்று தமிழிலேயே சொல்லுங்கள்.