ஆறு மாத்திரையோடு நின்றுபோன சிகிச்சை

போன மாதம் வந்த ஓர் அம்மா கைப்பையைத் துழாவி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவதற்கான ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பத்தில் ஆறு காலி, நாலு அப்படியே இருந்தது. "இது சரிப்படல டாக்டர், அதான் விட்டுட்டேன்." எப்போது விட்டார்? இரண்டு வருடத்துக்கு முன்பு. எழுதிக் கொடுத்தது நான்தான். பழைய சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். அதன் ஓரத்தில், எனக்கே படிக்கச் சிரமமான கையெழுத்தில், '4 வாரம் கழித்து வரவும்' என்று இருந்தது.

அந்த இரண்டு வருடமும் அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வாராம். பையில் எப்போதும் ஒரு மாற்றுத் துணி. வெளியூர்ப் பயணம் என்றால் முதல் நாள் இரவோடு தண்ணீருக்குத் தடை. கல்யாணத்துக்குப் போனால் கடைசி வரிசை நாற்காலி. ஆறு நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு எழுநூறு நாள் இப்படி ஓட்டியிருக்கிறார். அந்த மாதத்தில் இதே கதையோடு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோயின் பெயர் ஓவர் ஆக்டிவ் ப்ளாடர். சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் தசை தன்னிச்சையாக இறுகுகிறது. 'இப்பவே போகணும்' என்கிற அவசரம் வருகிறது, சிலருக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்தும் விடுகிறது. (இருமினால், தும்மினால் மட்டும் கசிவது வேறு விஷயம், அதற்கு வைத்தியமும் வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.) கிருமித் தொற்று, சர்க்கரை, கல், ஆண்களுக்கு ப்ராஸ்டேட், இவையெல்லாம் காரணமா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அப்புறம் மாத்திரை. இங்கேதான் குழப்பமே. நிறையப் பேர் இதை ஆன்டிபயாடிக் மாதிரி நினைக்கிறார்கள். அஞ்சு நாள் போட்டால் போய்விட வேண்டும், போகவில்லை என்றால் மருந்து சரியில்லை, டாக்டரும் சரியில்லை. ஐயா, அம்மா, இதில் கொல்வதற்குக் கிருமியே கிடையாது. வருடக்கணக்கில் அவசரப்பட்டுப் பழகிய ஒரு தசையை மெல்ல அடக்குகிறோம். முழுப் பலன் தெரிய நாலு வாரம் ஆகும், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. டோல்டெரோடின், சோலிஃபெனாசின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளில் வாய் உலர்வதும் மலச்சிக்கலும் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். பலன் பின்னால்தான் வரும். ஆறாம் நாள் கணக்குப் பார்த்தால் நஷ்டம் மட்டும்தான் கண்ணில் படும். வாய் உலர்கிறதே என்று கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார்கள், முன்பைவிட அதிகமாகப் போவார்கள், 'மாத்திரை போட்டதுக்கப்புறம்தான் ஜாஸ்தியாச்சு' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தவறான நாளில் கணக்கை முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த வகை மாத்திரையைத் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். உலகம் முழுக்க இதுதான் நிலை. நிறுத்துவதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. நிறுத்திவிட்டு வராமல் இருக்கிறார்களே, அதுதான் வருத்தம். வந்தால் அளவைக் குறைக்கலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். மிராபெக்ரான் என்று முற்றிலும் வேறு வழியில் வேலை செய்கிற மாத்திரை இருக்கிறது. அதில் வாய் உலர்வது வெகு குறைவு. ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், கட்டுக்கு வராத அழுத்தம் உள்ளவர்களுக்குத் தர மாட்டோம். மாத்திரையே ஒத்துவராதவர்களுக்குச் சிறுநீர்ப்பைத் தசையில் போடாக்ஸ் ஊசி, கணுக்கால் நரம்பைத் தூண்டுவது, முதுகின் அடிப்பகுதி நரம்பைத் தூண்டுவது என்று வழிகள் இருக்கின்றன. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2024 வழிகாட்டி, இவற்றைப் படிப்படியாக ஏறித்தான் அடைய வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையே எடுத்துவிட்டது. உங்களிடம் தோற்றது ஒரு மாத்திரை மட்டும்தான்.

அந்த அம்மாவிடம் மூன்று நாள் குறிப்பு எழுதி வரச் சொன்னேன். எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு போனார் என்று ஓர் அளவுக் குவளையில் பிடித்து எழுத வேண்டும். முகம் சுளித்தார், ஆனாலும் எழுதி வந்தார். காலை எழுந்ததும் 350 மில்லி. அதற்குப் பிறகு 80, 110, 60, 90, பகல் பூராவும் இப்படியே. "என் பை சுருங்கிப்போச்சு டாக்டர்" என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த முதல் வரியைக் காட்டினேன். 350 பிடிக்கிற பை எப்படிச் சுருங்கிய பை ஆகும்? கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைவிட அந்த ஒரு தாள் அவரிடம் அதிகம் பேசியது.

அந்தக் குறிப்பை வைத்துத்தான் பயிற்சியும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள், ஓடினால் அவசரம் கூடும். நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். அடியிடுப்புத் தசையை (சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிறோமே, அந்தத் தசை) நாலைந்து தடவை இறுக்கித் தளர்த்துங்கள். அலை தணியும். அப்புறம் நடந்து போங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை போகிறவர் அதை ஒன்றேகால் மணி ஆக்கட்டும், பழகியதும் ஒன்றரை. குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். 'ரெண்டு நாள் பண்ணினேன்' என்று வராதீர்கள்.

தண்ணீரை நிறுத்தாதீர்கள். கெட்டியான சிறுநீர் பையை இன்னும் உறுத்தும். குறைக்க வேண்டியது காபியையும் டீயையும்.

வயதானவர்களுக்கு இரவில் அவசரமாக எழுந்து ஓடி விழுவதுதான் பெரிய ஆபத்து, இடுப்பெலும்பு உடைந்து வருகிறார்கள். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுகிறார்களா என்று பாருங்கள், நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து என்று எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மேலே சொன்ன முதல் வகை மாத்திரைகள் அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் வயதானவர்களுக்கு மறதியும் தடுமாற்றமும் வரலாம். சிறுநீரில் ரத்தம், திடீரென்று போகவே முடியாமல் அடைத்துக்கொள்வது, காலில் பலவீனம் அல்லது பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இவை இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே வர வேண்டும்.

நிறுத்திவிட்டதைச் சொல்ல வெட்கப்பட்டே வராமல் இருக்கிறவர்கள் பலர். திட்டுவோம் என்ற பயம். திட்டுவேன்தான், ரெண்டு நிமிஷம். என் பங்குக்கு நானும் இப்போது அடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், ஏன் வர வேண்டும் என்றும் வாயால் சொல்கிறேன். நீங்கள் வரும்போது மீதி மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள். எத்தனை மிச்சம் என்று எண்ணிவிட்டு, அங்கிருந்தே தொடங்கலாம்.