நின்ற இடத்தில் விழும் வண்டி

ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், இடப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் என் மோட்டார் சைக்கிள் விழுந்தது. என்ன வேகத்தில் விழுந்தது என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: பூச்சியம். மேலிருந்து வந்த பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. நான் நிறுத்தி இடது காலை ஊன்றினேன். கால் தேடிய இடத்தில் வீதி இல்லை, நாலு விரற்கிடை கீழே இருந்தது. பிறகு, மாடு படுப்பதுபோல நிதானமாக வண்டி சாய்ந்தது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். "காலைப் பாருங்கள் தம்பி, வண்டியை அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர்களில் மூத்தவர். காலுக்கு ஒன்றுமில்லை. கிளட்ச் லீவர்தான் அடியோடு முறிந்திருந்தது.

மலையகத்தில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பயணத்தைக் கெடுத்த விழுகைகளில் பல இந்த வகைதான்: வேகமே இல்லாதவை.

ஓடும் இரு சக்கர வண்டியை நிமிர்த்தி வைப்பது சக்கரங்களின் சுழற்சிதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. டேவிட் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய இரசாயனவியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி அந்தச் சுழற்சி விளைவை இல்லாமற் செய்த சைக்கிள் ஒன்றை அமைத்து, 1970இல் அதைப் பற்றி எழுதினார். அந்தச் சைக்கிளையும் ஓட்ட முடிந்தது. பெரிய வேலையைச் செய்வது ஹாண்டில். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் சற்றுத் திரும்புகிறது. சரியப் பார்க்கும் பாரத்தின் அடிக்குச் சக்கரங்கள் மறுபடி வந்து நிற்கின்றன. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்தி விளையாடும் சிறுவன், அது சாயும் பக்கம் கையைக் கொண்டுபோகிறானே, அதேதான். கையைக் கட்டிப்போட்டால் விளக்குமாறு விழும். வண்டியை நிறுத்துவது என்பது அந்தக் கையைக் கட்டிப்போடுவது.

வளைவில் நிறுத்துவது இன்னும் மோசம். 4 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும்போது வண்டி ஏறக்குறைய 6 பாகை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத் தாங்கிக்கொண்டிருப்பது திரும்பும் வேகம். முன்பிரேக்கை அழுத்தியதும் வேகம் போய்விடுகிறது, சாய்வு மட்டும் மிஞ்சுகிறது.

நம்முடைய வீதிகள் இதற்குத் தனியாக ஒரு கண்ணி வைத்திருக்கின்றன. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பும் நடுக்கோடும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன. உள்விளிம்பின் தூரம் மட்டும் குறைவு. நடுக்கோட்டின் ஆரை 10 மீற்றர், ஏற்றம் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தைச் சுற்றி வர 31 மீற்றர் தூரம், 2.2 மீற்றர் ஏற்றம். உள்விளிம்பின் ஆரை 5 மீற்றர் என்றால், அதே 2.2 மீற்றரை அங்கே 15.7 மீற்றர் தூரத்துக்குள் ஏற வேண்டும். ஏற்றம் 14 சதவீதமாகிவிடுகிறது. இடப்பக்கமாக ஓட்டும் நாட்டில், இடப்பக்கம் திரும்பும் ஏற்றத்தில் அந்த உள்விளிம்பு நமக்கு வாய்க்கிறது. போதாததற்கு வளைவின் உட்புறம் சரிவாக அமைக்கப்பட்டிருப்பதால், ஊன்றுகிற இடது காலுக்குத் தரை எட்டாமல் போகிறது.

சாய்ந்த வண்டியைக் காலால் தாங்கிப் பிடிக்கலாமா? 180 கிலோ வண்டியில் 40 கிலோ சாமான் ஏற்றி, மொத்தம் 220 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் என்று கணக்குப் போடலாம். 5 பாகைச் சாய்வில், ஒரு மீற்றர் உயரத்திலுள்ள ஹாண்டிலில் 11 அல்லது 12 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளல் போதும்; பள்ளிப் பிள்ளையும் பிடித்துவிடும். 15 பாகையில் அது 34 கிலோ. 30 பாகையில் 66 கிலோ. பாரம் மாறவில்லை, சாய்வுதான் கூடுகிறது. ஆகையால் ஆரம்பத்தில் இலேசாகத் தெரிந்த வண்டி ஒரு கணத்தில் மலையாகிவிடுகிறது. என் அபிப்பிராயத்தில், 15 பாகையைத் தாண்டிவிட்ட வண்டியை விட்டுவிட்டு விலகுவதுதான் புத்தி. லீவரைக் கடையில் வாங்கலாம், முழங்காலை வாங்க முடியாது.

சரி, விழட்டும். விழும்போது எவ்வளவு சக்தி வெளிப்படுகிறது? 60 பாகை வரை சாய்ந்து நின்றால் ஈர்ப்பு மையம் 30 சென்ரிமீற்றர் இறங்குகிறது: சுமார் 650 ஜூல். தோளில் சுமந்துவரும் 50 கிலோ கோதுமை மா மூட்டையை அப்படியே கீழே போட்டால் கிடைக்கும் அடி இது. 75 பாகை வரை விழுந்தால் 960 ஜூல், அதாவது ஒன்றரை மூட்டை. லெக் கார்ட் எனப்படும் பாதுகாப்புக் குழாயின் முதல் பயன் இங்கே இருக்கிறது. அது வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது. விழுகை குறைகிறது, அடியும் குறைகிறது. பிஎம்டபிள்யூ வண்டிகளில் 1923இன் ஆர்32 முதல் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள் குளிர்ச்சிக்காக அப்படி வைக்கப்பட்டவை. விழும்போது அவையும் இந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

மிச்சமுள்ள சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அந்த 650 ஜூல் ஒரு சென்ரிமீற்றருக்குள் தணிந்தால் தாக்கும் சராசரி விசை ஆறரைத் தொன். ஐந்து சென்ரிமீற்றரில் தணிந்தால் ஒன்றேகால் தொன்தான். ஆகவே சற்று வளைந்து கொடுக்கும் உருக்குக் குழாய் நல்ல குழாய். வளையவே வளையாத குழாய் அடியைத் தான் வாங்காமல், தன்னைப் பூட்டியிருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும். அந்த இடம் எஞ்சினின் அலுமினிய உடல் என்றால், ஒரு குழாயைக் காப்பாற்ற எஞ்சினைக் கொடுத்த கதையாகிவிடும். வாங்கும்போது குழாயின் பளபளப்பைப் பார்க்காமல் அது எங்கே பூட்டப்படுகிறது என்று குனிந்து பாருங்கள். சட்டகத்தில் இரண்டு மூன்று இடங்களில் பிடித்திருப்பது நல்லது. எஞ்சின் போல்ட் ஒன்றில் நீளமாகத் துருத்தி நிற்கும் பிளாஸ்டிக் குமிழ் அழகாக இருக்கும். விழும்போது அது ஒரு நெம்புகோலாக மாறி அந்தப் போல்ட்டையே வளைத்துவிடக்கூடும். ஒருமுறை வளைந்த குழாயைச் சூடாக்கி நிமிர்த்தி மறுபடி நம்புவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

இனி என் லீவருக்கு வருகிறேன். கிளட்ச் இல்லாமல் ஏற்றத்தில் புறப்பட வழியில்லை. வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே ரம்பொடைக்கு இறங்கினேன். அங்கிருந்த கராஜ் பாஸ் முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, லீவரை ஹாண்டிலில் பிடிக்கும் கவ்வியைத் தொட்டுக் காட்டினார். பூட்டு மேல் பூட்டாக இறுக்கி வைத்திருந்தேன். அசைய இடமில்லாத லீவர் முறிவதைத் தவிர வேறென்ன செய்யும்? அவர் ஹாண்டில் குழாயில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கவ்வியைப் போட்டார். சாதாரணமாகப் பிடித்தால் அசையாத, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இறுக்கினார். புது லீவரின் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன வெட்டு இருந்தது. பழுது என்று நினைத்தேன். முறிய நேர்ந்தால் அந்த இடத்தில் முறியட்டும் என்றே சில லீவர்களில் அப்படி வைக்கிறார்கள். நுனி போனாலும் இரண்டு விரலுக்கு இடம் மிஞ்சும். விரல்களையும் லீவரையும் மறைக்கும் கைக்காப்பு வாங்குவதானால் வெறும் பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே அலுமினியப் பட்டை உள்ளதாக, ஹாண்டிலின் நுனியிலும் நடுவிலும் பூட்டுவதாக இருக்க வேண்டும்.

சாமானை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். 10 கிலோவைப் பின்பெட்டியில் 1.1 மீற்றர் உயரத்தில் ஏற்றினால், மேலே சொன்ன தள்ளல் எல்லாம் ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். அதையே பக்கப்பைகளில் தாழ்வாகத் தொங்கவிட்டால் அந்தக் கூடுதல் பாதியாகக் குறையும். துணிப்பை உடுப்புகளோடு சேர்ந்து மெத்தையாகவும் பயன்படும்.

ஓட்டும்போது விழாத வண்டியும் நிறுத்தி வைத்த இடத்தில் விழும். இடப்பக்கம் விரியும் சைட் ஸ்டாண்டின் பாதம் ஒரு தீப்பெட்டி அளவுதான். அதன்மேல் பல பத்துக் கிலோ பாரம். மழையில் ஊறிய தோட்டத்து மண்ணில் அது மெல்ல மெல்ல இறங்கும். நாம் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இறங்கி முடிக்கும். தேயிலை இப்போது கடதாசிப் பைகளில் போகிறது. என்னிடம் பழைய தேயிலைப் பெட்டியின் பலகைத் துண்டு ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர். பாதத்தின் பரப்பு 20 சதுர சென்ரிமீற்றர் என்றால், பலகை அழுத்தத்தை ஐந்தில் ஒன்றாக்கிவிடுகிறது. அதில் ஒரு துளையிட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் மறந்து விட்டுவிட்டுப் போய்விடுவேன். சரிவில் நிறுத்தும்போது முகப்பு மேட்டை நோக்கி, முதல் கியரில். இடப்பக்கம் மேடாக உள்ள இடத்தில் வேண்டாம். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஒரு லொறி கடந்துபோகும் காற்றிலேயே வலப்பக்கம் சாயும்.

விழுந்துவிட்டால் முதலில் எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன் ஸ்டாண்டை விரித்து வையுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விழும். சரிவில் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வண்டியைத் தரையிலேயே சுழற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆசனத்தில் முதுகை வைத்து, குந்தி, கால்பலத்தில் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும். இடுப்பை வளைத்துத் தூக்கியவர்களை நுவரெலியா வைத்தியசாலையில் பார்க்கலாம்.

நிமிர்த்திய பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கராஜுக்கு ஆள் அனுப்ப அவசரப்பட வேண்டாம். எரிபொருளை உட்செலுத்தும் புதிய வண்டிகள் பலவற்றில் சாய்வை உணரும் கருவி ஒன்று இருக்கிறது. வண்டி படுத்ததும் அது எஞ்சினை நிறுத்திவிடும், நிமிர்ந்த பிறகும் தானாக விடாது. சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.