கோட்டையின் ஓரத்தைக் காற்று தூக்கும் கணம்

பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் பலூன் கோட்டையை நாலு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். நீளமும் அகலமும் 5 மீட்டர், உயரம் 4 மீட்டர், எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நமக்குத்தான் அது கனம், காற்றுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 20 சதுர மீட்டருக்கு 120 கிலோ. முதுகுப்புறம் உண்டாகும் உறிஞ்சலையும் சேர்த்தால் 150ஐத் தொடும். இது 2 மீட்டர் உயரத்தில் தள்ளுவதால், கவிழ்க்கும் திருப்பம், அதாவது விசையை உயரத்தால் பெருக்கினால் வருவது, 300. தடுத்து நிற்பதோ 100 கிலோ எடையும், நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள 2.5 மீட்டர் தூரமும்: பெருக்கினால் வெறும் 250. முளையடித்துக் கட்டாவிட்டால் கவிழ்ந்தே விடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். ஐரோப்பியத் தரநிலை இஎன் 14960, மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தரையோடு பிணைக்கும் கட்டுகள் குறைந்தது 6 வேண்டும், ஒவ்வொன்றும் 1,600 நியூட்டன் (சுமார் 160 கிலோ எடைக்குச் சமமான) இழுவையைத் தாங்க வேண்டும் என்பதும் அதன் விதி.

இந்தக் காகிதக் கணக்கில் ஒரு குறை உண்டு. கோட்டையை அது கல்லாக நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் திடீர் வீச்சு மோதியதும் சுவர் குழிகிறது. வடிவம் மாறியதால் காற்றின் பாதையும் மாறுகிறது. காற்று வரும் பக்கத்து ஓரம் ஒரு சாண் எழும்பினால் போதும், காற்று அடியில் புகுந்துவிடும். அதன்பின் தரை விரிப்பு முழுவதும் பாய்மரம்தான். ஆகவே சராசரி வேகத்தைவிட, இரண்டு மூன்று நொடி நீடிக்கும் உச்ச வீச்சையே நான் அஞ்சுவேன்.

இதைக் கணினியில் பாவனை செய்யும்போது, சுற்றியுள்ள காற்றை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நொடியின் நூற்றில், சில நேரம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை, ஒவ்வொரு கட்டத்திலும் வேகமும் அழுத்தமும் கணிக்கப்படுகின்றன. துணி சிறு முக்கோணங்களாகிறது. துணி இழுவையைத் தாங்கும். அமுக்கினால் சுருங்கி மடங்கிவிடும். அந்தக் குணத்தையும் சொல்லித்தர வேண்டும். காற்றின் அழுத்தம் துணிக்குப் போகிறது, துணியின் புது வடிவம் காற்றுக்குத் திரும்புகிறது.

சிக்கல் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். இந்தத் துணி ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம் அளவில் இருக்கும். அரை கன மீட்டர் காற்றின் எடையும் அவ்வளவே! துணி அசையும்போது தன் எடைக்கு நிகரான காற்றையும் சேர்த்தே அசைக்கிறது. முன் சுற்றில் நேர்ந்த சிறு பிழை அடுத்த சுற்றில் பெருக, துணி தாறுமாறாகத் துடித்து, கணக்கே சிதறிவிடும். கனமான பாலத்துக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அதனால் ஒரே காலப்படிக்குள், அதாவது நொடியின் அந்தச் சிறு பங்குக்குள், காற்று, துணி இரு தரப்பும் ஒத்துப்போகும்வரை, மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுமதித்துத் திரும்பத் திரும்பக் கணிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இதைத் தாண்டாமல் வரும் விடையை நம்பவே கூடாது.

வீச்சும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. அளந்தறிந்த காற்றின் ஏற்ற இறக்கங்களிலிருந்து வெவ்வேறு வீச்சுகளை உருவாக்கி, பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் பார்க்க வேண்டியது, காற்று வரும் பக்கத்து மூலைக் கயிற்றின் இழுவை. அந்த ஒரு முளையைக் கணினியில் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினால், அதன் சுமை அடுத்த கயிற்றில் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.