தேசிக்காய்க்கு மீன் வெடில் பணிவது எப்படி?

மீன் வெட்டிய கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் வெடில் போகவில்லை, உம்மா பாதித் தேசிக்காயைத் தேய்க்கச் சொன்னா, உடனே போய்விட்டது, அது எப்படி என்று சாய்ந்தமருதிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சேதன இரசாயனம் என்றதும் பயப்படுகிற உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லுகிற கதையே இதுதான்.

கடல் மீனின் தசையில் திரைமெதைலமைன் ஒட்சைட்டு என்று ஒன்று இருக்கிறது. ஆழத்து அழுத்தத்தில் புரதம் குலையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதற்கு மணமில்லை. மீன் செத்தபின் பற்றீரியா அதிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கிவிட, மிஞ்சுவது திரைமெதைலமைன். அதுதான் வெடில். நன்னீர் மீனில் அந்த ஒட்சைட்டு மிகக் குறைவு, அதனால்தான் சேனநாயக்க சமுத்திரம் என்ற நம் நன்னீர்க் குளத்து மீன் கல்முனைக் கடல் மீன் மாதிரி வெடிலடிப்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான். ஒரு நைதரசன், அதைச் சுற்றி மூன்று மெதைல் கூட்டம் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்தது ஒரு மெதைல்). நைதரசனிடம் எதோடும் சேராத ஒரு சோடி இலத்திரன் மிச்சமிருக்கிறது. சின்ன மூலக்கூறு, கொதிநிலை சுமார் 3 பாகை செல்சியஸ், நம் ஊர் வெக்கையில் பறக்காமல் என்ன செய்யும்? தேசிக்காயின் சிற்றிக் அமிலம் ஒரு புரோத்தனை, அதாவது நேரேற்றமுள்ள ஐதரசன் துணிக்கையை, நீட்டியதும் அந்தத் தனிச்சோடி அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு புரோத்தனோடு மூலக்கூறுக்கு நேரேற்றம் வந்துவிட்டது, இனி அது தண்ணீரை விட்டு எழும்பாது. மூக்குக்கே வராத பொருளுக்கு மணம் ஏது?

வெடில் அழியவில்லை, கட்டுண்டு கிடக்கிறது. சந்தேகமா, மீன் கழுவிய தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து மணந்து பாருங்கள், அப்புறம் உம்மம்மாவின் வெற்றிலை வட்டாவிலிருந்து சுண்ணாம்பு எடுத்து (கண்ணில் படாமல்) புளிப்பு முறியும்வரை கரையுங்கள். வெடில் குப்பென்று திரும்பி வரும்! சுண்ணாம்பு அந்தப் புரோத்தனைப் பறித்துவிட்டது. கட்டிச் சவர்க்காரமும் சுண்ணாம்பின் பக்கம்தான், அமிலத்துக்கு எதிரான மூலத்தன்மை உள்ளது, தங்கச்சியின் கையில் அது தோற்றதும் அதனால்தான். முதலில் தேசிக்காய், பிறகு தண்ணீரில் நல்ல அலசல், கடைசியில்தான் சவர்க்காரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனும் முட்டையும் சாப்பிட்டால் நம் குடல் பற்றீரியாவும் இதே அமைனை உண்டாக்கும். ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதற்கு ஒட்சிசனைத் திரும்பச் சேர்த்து மணத்தை எடுத்துவிடும். பிறப்பிலேயே அந்த நொதியம் சரியாக வேலை செய்யாத சிலருக்கு வியர்வையிலும் மூச்சிலும் மீன் வெடில் வரும். அப்படிப்பட்ட பிள்ளையைக் குளிக்காதது என்று ஏசுவதும், சூனியம் என்று நூல் கட்டக் கூட்டிப்போவதும் கொடுமை, எனக்கு ஆறாத கோபம் அது. வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். உணவில் சில மாற்றங்களோடு, பீஎச் (அமிலத்தன்மையின் அளவு, 7 நடுநிலை) 5.5 முதல் 6.5 வரையான, சற்றே அமிலமான சவர்க்காரத்தால் குளிக்கச் சொல்வார்கள். தேசிக்காய் கையில் செய்த அதே வேலையை அது தோலில் செய்யும்.