ஆர்கேட் ஸ்டிக் செய்யலாம், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் கடைக்கு ஒரு ப்ளைவுட் பெட்டியோடு வந்தான். மேலே உருண்டைத் தலை வைத்த லீவர், பக்கத்தில் எட்டு பட்டன்கள். வீடியோ கேம் ஆட அவனே செய்த ஆர்கேட் ஸ்டிக். சுத்தமான வேலை. "அண்ணா, நேத்து வரைக்கும் ஓடிச்சு, இப்ப பெட்டி சுடுது" என்றான். திறந்தால் உள்ளே வைத்திருந்த வயர்லெஸ் கேம் கன்ட்ரோலரின் போர்டுக்குப் பக்கத்தில் லித்தியம் பேட்டரி தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. இடம் பத்தவில்லை என்று செல்லின் தலையிலிருந்த சின்னப் பாதுகாப்பு போர்டைக் கத்தரித்து எறிந்திருக்கிறான். பட்டனிலிருந்து கழன்ற கிரவுண்ட் வயர் ஒன்று செல்லின் பாசிட்டிவ் முனையில் உரசிக்கொண்டிருந்தது.

கன்ட்ரோலர் போர்டை எடுத்து ஆர்கேட் ஸ்டிக் செய்கிற இந்த வேலையே தப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்கும் பிடிக்கும். கன்ட்ரோலரின் பட்டன் என்பது கார்பன் தடவிய ரப்பர், போர்டிலுள்ள இரண்டு கோடுகளை இணைப்பதுதான். ஆர்கேட் பட்டனுக்குள் இருக்கும் மைக்ரோசுவிட்ச்சும் அதையேதான் செய்கிறது. எனவே அந்த இரண்டு கோடுகளிலிருந்து வயர் இழுத்தால் போதும். பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் துளை, ஸ்டார்ட் பட்டனுக்கு 24. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையைத் துளைத்தால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

போர்டில் ஓடுவது சில வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆபத்தே இல்லை என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. லித்தியம் செல்லும் 3.7 வோல்ட்தான். ஆனால் ஷார்ட் ஆனால் பாய்கிற கரன்ட் வயரின் உறையை உருக்கிவிடும், செல்லே தீப்பிடிக்கவும் கூடும். மூடிய மரப்பெட்டிக்குள், அதுவும் மடியில் வைத்து விளையாடுகிற பெட்டிக்குள், அது எதற்கு? யுஎஸ்பி வயரிலேயே இயங்குகிற பழைய கன்ட்ரோலரை வாங்குங்கள். வயர்லெஸ்தான் கையில் இருக்கிறது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேபிளில் மட்டும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சிலது ஓடாது. எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலரின் சார்ஜ் கேபிள் சார்ஜுக்கு மட்டும்தான், அதில் டேட்டா போகாது.

உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. இ-வேஸ்ட் வாங்குகிறவர்களிடம் கொடுக்கும்வரை வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட தகர டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது சால்டரிங், அதாவது வயரை ஈயத்தால் பற்ற வைப்பது. பலரும் ஈயப் புகைக்குப் பயப்படுகிறார்கள். 63/37 ஈயக் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியில் உருகும், ஈயம் ஆவியாக அதைவிட எவ்வளவோ அதிக சூடு வேண்டும். நீங்கள் பார்க்கும் புகை ஃப்ளக்ஸ் புகை, ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் பிசினின் புகை. அதுவும் லேசானதல்ல, வருடக்கணக்கில் சுவாசித்தால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் உள்ளே போவது கை வழியாக. சால்டரிங் முடித்த கையோடு பஜ்ஜி சாப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் (ஒரு காலத்தில் நானும்தான்). சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

போர்டு கெடுவது பெரும்பாலும் அவசரத்தில். கறுப்புக் கார்பன் மேல் ஈயம் ஒட்டாது. ஒட்டவில்லையே என்று சால்டரிங் அயர்னை அழுத்திப் பிடித்தால் அடியிலுள்ள செம்பும் சேர்ந்து உரிந்து வரும். அந்தக் கோடு போகும் வழியில் உள்ள சின்னத் துளையைத் தேடி, அதன் மேல் பூச்சைச் சுரண்டி, அங்கே பற்ற வையுங்கள். அதற்கு முன் மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து, ஒரு முனையை யுஎஸ்பி கிரவுண்டிலும் இன்னொன்றைப் பட்டன் கோடுகளிலும் வையுங்கள். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு பக்கம் பீப் அடித்தால் காமன் கிரவுண்ட், எல்லாப் பட்டனுக்கும் கிரவுண்ட் ஒன்றுதான். ஒரே வயரைப் பட்டன் பட்டனாகச் சுற்றிக்கொண்டு போகலாம். அடிக்கவில்லை என்றால் அந்த போர்டை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

ட்ரிகர் பக்கம் போகவே வேண்டாம். அது பல கன்ட்ரோலர்களில் அனலாக், அதாவது எவ்வளவு அழுத்துகிறோம் என்றும் அளக்கும். கழற்றினால் கன்சோல் அதை அழுத்தியபடியே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை கேமுக்கு, அடிப்பதற்கு வேண்டியது ஆறு பட்டன்கள். முன்பக்க நான்கு, தோள் பட்டன் இரண்டு, கணக்கு சரியாகிவிட்டது.

அந்தப் பையன் போன வாரம் மறுபடி வந்தான். அதே பெட்டி, உள்ளே ஒரு பழைய வயர் கன்ட்ரோலர், இணைப்புகள் இழுபடாமல் ஹாட் க்ளூ. ட்ரிகர் பட்டன் இரண்டும் எங்கும் இணைக்காமல் சும்மா இருந்தன. ஓட்டை போட்டாச்சே அண்ணா, என்ன செய்ய என்றான்.