லார்டு: யாரை, எப்படிக் கூப்பிடுவது?

ஓவராகப் பந்தா காட்டுகிறவனை 'நீ என்ன பெரிய லார்டு லபக்குதாஸா?' என்று கேட்போம். லபக்குதாஸை விடுங்கள், லார்டு மட்டும் இங்கிலாந்துச் சரக்கு. அதன் பிறப்பு கொஞ்சம் சாதுவானது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வேர்ட்' என்று இருந்தது. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, வேர்ட் என்றால் காவலர். தன்னை அண்டியிருப்பவர்களுக்குச் சோறு போடும் வீட்டுத் தலைவர், நம் வழக்கில் படியளக்கிறவர். லேடியும் அதே அடுப்படியில் பிறந்த சொல்தான், ரொட்டிக்கு மாவு பிசைகிறவள் என்று பொருள்.

பிறகு அது பட்டமானது. பிரிட்டனின் பிரபுக்களில் ஐந்து படிகள்: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். டியூக்கை லார்டு என்று கூப்பிடக் கூடாது, அவருக்கு 'யுவர் கிரேஸ்'. மற்ற நாலு பேரும் பேச்சில் வெறும் லார்டுதான், ஆனால் லார்டுக்குப் பின்னால் எந்தப் பெயர் வருகிறது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

நம் ஆட்கள் 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று கொண்டாடினார்களே, அந்த வைஸ்ராயின் சொந்தப் பெயர் ஜார்ஜ் ராபின்சன். ரிப்பன் என்பது யார்க்‌ஷயரில் ஓர் ஊர். மார்க்விஸ் பட்டம் அந்த ஊரின் பெயரில் இருந்ததால் லார்டு ரிப்பன் ஆனார், லார்டு ராபின்சன் என்று யாரும் கூப்பிடவில்லை. ஆக, சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் பெயரில் இருப்பது ஒரு யார்க்‌ஷயர் ஊர்!

டியூக், மார்க்விஸ் வீட்டு இளைய மகன்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் மரியாதைக்கு மட்டும் லார்டு, அதனால் முதற்பெயர் சேர்ந்தே வரும். கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், அப்பா மார்க்விஸ் ஆன 1917 முதல் 'லார்டு லூயி'தான். 1946-ல் வைகவுண்ட் ஆன பிறகுதான் 'லார்டு மவுண்ட்பேட்டன்'. ஒரே ஆள், ஆனால் பட்டம் சொந்தமா அப்பா வழியில் வந்ததா என்பதைக் கூப்பிடும் விதமே காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளைக்காரத் துரை என்றாலே பின்னால் ஒரு பிரபுவை ஒட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. 'மன்றோ பிரபு' என்று எழுதினால் தப்பு, சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ பேரனெட்தான், அதாவது பிரபுக்களுக்கு ஒரு படி கீழே, வெறும் சர். சர் பட்டத்துக்கு முதற்பெயர்தான் சேரும்: சர் தாமஸ் சரி, சர் மன்றோ தப்பு. இந்த விதி நம் பெயர்களிடம் வந்தால் மாட்டிக்கொள்ளும். பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் என்ற இலங்கைத் தமிழ்த் தலைவர்கள், அண்ணன் தம்பி இருவருமே சர் பட்டம் வாங்கியவர்கள், விதிப்படி இரண்டு பேருமே 'சர் பொன்னம்பலம்', அது அவர்களுடைய அப்பா பெயர்! இலங்கைத் தமிழர்கள் 'சேர் பொன். இராமநாதன்' என்று முழுசாகவே எழுதி அந்தச் சிக்கலைத் தாண்டிவிட்டார்கள்.

சரி, லார்டுக்குத் தமிழில் என்ன? பிரபு வடசொல், ஆற்றல் உள்ளவர், தலைவர் என்று பொருள், பிரபுக்கள் சபை வரைக்கும் ஊறிவிட்டது. சீமான் என்பது ஸ்ரீமானின் திரிபு, பணக்காரர் என்ற வாடைதான் அதில் தூக்கல். தனித்தமிழ் வேண்டுமென்றால் பெருமகன் என்று எழுதலாம். கோமான் என்றால் அரசனையும் குறிக்குமே, குழப்பம். எதைப் போட்டாலும் 'ரிப்பன் பெருமகன்' என்று பெயருக்குப் பின்னால் போடுங்கள், ஆங்கிலம் மாதிரி முன்னால் வேண்டாம்.